பின் சீட்டில் வைக்காத பை

ஜூன் 1, 2024, சனி

சார்லஸ் போன் செய்தான். நான் கேட்ட மாதிரியே ஒரு வண்டி வந்திருக்கிறதாம். கூரையைத் திறந்து மடக்கும் வகை. ஜெர்மன் வண்டி, ஆறு சிலிண்டர், இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் இரண்டு குழந்தைகள் ஒடுங்கி உட்காரலாம். பதின்மூன்று வருஷப் பழசு, ஆனால் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்கிறான். விலையைச் சொன்னான். சந்தையில் போவதில் பாதிதான். எனக்கு உடனே பொறி தட்டியது.

"ஏன் விக்கிறாங்களாம்?"

"ஓட்டற ஆளு இல்லைங்க சார்."

"அப்பறம் இத்தனை நாளு எதுக்கு வெச்சிருந்தாங்க?"

"அத நீங்களே கேட்டுக்குங்க சார்" என்று வைத்துவிட்டான். சார்லஸ் வளவளவென்று பேசுகிற மெக்கானிக். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்வான். இன்று ஏன் வாயைக் கட்டிக்கொண்டான் என்று தெரியவில்லை.

மனைவி வசந்தாமணியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "அறுபத்திரெண்டு வயசுல மொட்ட வண்டி. மழை பேஞ்சா ஒரு கையில கொடை புடிச்சுக்குவீங்களா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், சிறுவாணி ரோட்டில் ஒரு சுற்று, அவ்வளவுதான் என்றேன். இருபத்தெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மோட்டார் சர்வேயராக அடுத்தவன் நொறுக்கிய வண்டிகளையே பார்த்தாயிற்று. ஒரு முழு வண்டியில் உட்கார ஆசைப்படக் கூடாதா?

ஜூன் 2, ஞாயிறு

சிங்காநல்லூரில் சார்லஸின் ஷெட். வண்டி கரும் சாம்பல் நிறம். கூரை திறந்திருந்தது. பார்த்ததும் மனசு ஒரு நிமிஷம் குழந்தையாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

விற்பவள் ஒரு பெண். முப்பத்தெட்டு, நாற்பது இருக்கும். குள்ளம். காட்டன் சேலை, கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின். பெயர் நித்யகலா. ஆர்.சி. அவளுடைய அண்ணன் ரகுநந்தன் பெயரில், இரண்டாவது ஓனர் என்று இருக்கிறது. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறானாம். மஸ்கட்டில் இருப்பவனுக்குக் கோயமுத்தூரில் மொட்டை வண்டி எதற்கு?

வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியை மோந்து பார்த்தேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் அங்கே சேற்று வாடை போகவே போகாது. வாடை இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். கறை இல்லை. பின் சீட்டை மேலிருந்தே எட்டிப் பார்த்துத் தட்டினேன். ஒரு சின்ன ரப்பர் வளையல் மட்டும் கிடந்தது.

நான் டிரைவர் சீட்டில் உட்காரப் போகும்போது அவள், "பையப் பின்னாடி வெச்சுக்குங்க சார், சிரமமா இருக்கும்" என்றாள்.

என் தோல் பை. டார்ச், டேப், பூதக்கண்ணாடி, பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர், எல்லாம் அதில்தான். அதை நான் யாருடைய வண்டியிலும் கீழே வைத்ததில்லை. வேண்டாம் என்று தோளோடு குறுக்காக மாட்டிக்கொண்டேன். அவள் சார்லஸைப் பார்த்தாள். சார்லஸ் தரையைப் பார்த்தான். நான் இருவரையும் பார்த்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஊரெல்லாம் டிவியில் ஓட்டு எண்ணுகிறார்கள். நான் போனில் எடுத்துவந்த போட்டோக்களில் டயர் தேதி, கண்ணாடித் தேதி எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அது செய்த வருஷம் இருக்கும். வலது கதவுக் கண்ணாடி வண்டியோடு பிறந்தது. இடது கதவுக் கண்ணாடி எட்டு வருஷம் இளையது. முன் கண்ணாடியும் அப்படியே.

போன் செய்து கேட்டேன். "ஆமாங்க, மாத்துனதுதான்" என்றாள். எப்படி உடைந்தது என்றேன். "நேர்ல வாங்க சார், சொல்றேன்." நேரில் சொல்வதைப் போனில் சொன்னால் என்னவாம்?

ஜூன் 8, சனி

ஓட்டிப் பார்த்தேன். பல்லடம் ரோட்டில் போகலாம் என்றேன், அது அகலமான ரோடு. அவள் வேண்டாம் என்றாள். "அந்த ரோட்டுல நான் வரமாட்டனுங்க." குறித்துக்கொண்டேன். பாலக்காட்டு ரோட்டில் போனோம். கூரையைத் திறந்து வைத்து மேற்கே பார்த்து ஓட்டினால், கணவாய்க் காற்று நெஞ்சில் வந்து மோதுகிறது. சாரல் நெற்றியில் ஊசி மாதிரி குத்தியது. எண்பதைத் தாண்டினதும் வண்டி உறுமிய உறுமலில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பையை நெஞ்சோடு மாட்டிக்கொண்டு சிரித்தேன்.

இன்றும் ஏறும்போது, "பின்னாடி வெச்சறலாங்களே" என்றாள். இரண்டாவது தடவை. பையைப் பின்னால் வைத்தால் சார்லஸ் அதைத் துழாவுவானா, இல்லை இவள்தான் உள்ளே எதையாவது போட்டுவிடுவாளா? என்ன கணக்கு என்று புரியவில்லை.

இறங்கியதும் அட்வான்ஸ் தருகிறேன் என்றேன். பிடிகொடுக்காமல், "இப்ப வேண்டாமுங்க, நீங்க நல்லாப் பாத்து முடிச்சுட்டுக் குடுங்க" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் அட்வான்ஸ் வேண்டாமென்று சொன்ன விற்பனைக்காரரை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த சர்வேயர் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கம்போல 'சீட் கேஸ்' சொன்னேன். அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

2018 ஜனவரி. பல்லடம் ரோட்டில் ஒரு பாலத்துச் சுவரில் மஞ்சள் நிற மொட்டை வண்டி மோதி, இடது பக்கம் நசுங்கிக் கிடந்தது. தூறல் நாள், கூரை மூடியிருந்தது. உள்ளே புருஷன், பெண்டாட்டி, பின் சீட்டில் அஞ்சு வயசுக் குழந்தை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன்தான் ஓட்டினான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மனைவி சொன்னாள். அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. நான் யார்டில் வண்டியைப் பார்த்தேன். டிரைவர் சீட், பின்கோடியிலிருந்து பதினேழு சென்டிமீட்டர் முன்னால் நின்றது. செத்தவன் ஆறடி. அந்த இடத்தில் ஆறடி ஆள் உட்காரவே முடியாது. நானே உட்கார்ந்து பார்த்தேன், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. மனைவி ஐந்தடி. பாலத்தருகே இருந்த டீக்கடைக்காரனைக் கேட்டேன், அந்தப் பெண்ணை டிரைவர் கதவு வழியாகத்தான் எடுத்தோம் என்றான். முடிந்தது கதை. ஓட்டியது அவள். க்ளெய்ம் தள்ளுபடி. அவள் அப்பீலுக்குப் போனாள், அதுவும் தள்ளுபடி.

ஒரு பெண் எழுந்து, "சார், அந்த சீட்ட வேற யாராச்சும் நகத்தியிருக்கலாமில்லீங்களா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி என்று தட்டிக்கொடுத்தேன். "அது கரண்ட்டு சீட்டும்மா. பட்டன அமுத்தினாத்தான் நகரும். கிரேன்காரன் வந்ததும் பேட்டரி வயரக் கழட்டிட்டான். செத்த வண்டியில யாரு சீட்ட நகத்துவா?" கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும்போது நினைத்துக்கொண்டேன். மொட்டை வண்டி ஆசை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது. நசுங்கிக் கிடந்தாலும் அந்த சீட்டில் உட்கார்ந்தபோது, இப்படி ஒன்று நமக்கு இருந்தால் என்ன என்று தோன்றியது. இதை வகுப்பில் சொல்லவில்லை.

ஜூன் 13, வியாழன்

வசந்தாமணியின் போனில் நித்யகலாவின் நம்பர். பதினாலு நிமிஷம் பேசியிருக்கிறாள். ஏன் பார்த்தேன் என்று கேட்டால், மணி பார்க்க எடுத்தேன்.

"எதுக்குப் பேசுன?"

"அந்தப் புள்ளதான் கூப்புட்டுச்சு. கத்திரி நாத்து வேணுமான்னு கேட்டுச்சு."

கத்திரி நாற்றைப் பற்றிப் பதினாலு நிமிஷம். யார் காதில் பூ சுற்றுகிறாள்? அவள் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் அழுத்தமாகவே வைத்துவிட்டு, "பாலுச் சொம்புல கோடு போட்டு வெக்கற மனுசனுக்கு எதைச் சொல்லி என்ன" என்று போனாள். அது பால்காரனுக்காகப் போட்ட கோடு. அவளுக்காகப் போட்டது இல்லை.

ஜூன் 15, சனி

இன்று பையிலிருந்து மீட்டரை வெளியே எடுத்தேன். வலது பக்கம் பெயின்ட் கனம் ஓரளவு சரி. இடது கதவு, இடது முன்பக்கம், பானெட், மூன்றிலும் மூன்று மடங்கு. பட்டி பூசி நிமிர்த்திய தகடு. நல்ல வேலைதான், சார்லஸின் கை. கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

டிக்கி ஓரத்து ரப்பரை நகத்தால் நெம்பினேன். கீழே பழைய நிறம் இருந்தது.

மஞ்சள்.

அவளுக்குத் தெரியாமல் ரப்பரை அமுக்கிவிட்டேன். "பையக் கீழ வெச்சுட்டுப் பாருங்களேன் சார்" என்றாள் பின்னாலிருந்து. வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். மஞ்சள் வண்டி எத்தனையோ இருக்கும். இருந்தாலும் ஆர்டிஓ ஆபீஸ் புரோக்கருக்குப் போன் போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஆர்டிஓ ஆபீஸ் புரோக்கரிடம் முதல் ஓனர் பெயர் கேட்டிருந்தேன். இன்று சொன்னான். ஹரிபிரசாத், உடுமலைப்பேட்டை. காலமானதால் பெயர் மாற்றம்.

பரணில் ஏறி என் ரிப்போர்ட் நகல்களைக் கிளறினேன். வசந்தாமணி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிடைத்தது. சேசிஸ் நம்பரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். அதே வண்டி.

ஆக விஷயம் இதுதான். அவள் அந்த ஹரிபிரசாத்தின் மனைவி. க்ளெய்மை மறுத்தவன் தலையிலேயே நொறுங்கின வண்டியைக் கட்டிவிடப் பார்க்கிறாள். சார்லஸும் கூட்டு. என் மனைவியும் அவளோடு பதினாலு நிமிஷம் பேசுகிறாள். அட, எவ்வளவு பெரிய ஏற்பாடு! முகத்தை எப்படி மறந்தேன் என்றுதான் தெரியவில்லை. அன்றைக்குத் தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தாள்.

நாளை மறுநாள் போய் நேருக்கு நேர் கேட்டுவிடப் போகிறேன். என்னிடம் பருப்பு வேகாது.

ஜூன் 20, வியாழன்

மழை. கேஸ் சிலிண்டர் வந்தது. சிங்காநல்லூர் போய் வந்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 21, வெள்ளி

தென்னைக்கு உரம் வைத்தேன்.

ஜூன் 22, சனி

எழுதாமல் இருந்தால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? எழுதுகிறேன்.

வியாழக்கிழமை போனதும் ஃபைலை பானெட் மேல் போட்டேன். "ஹரிபிரசாத் சம்சாரம் நீதானம்மா?"

"ஆமாங்க. ஆனா பேரு நித்யகலா. உங்க ரிப்போர்ட்டுல எங்கயும் எம் பேரு இல்லைங்க. 'இறந்தவரின் மனைவி'ன்னுதான் இருக்குது."

"பழி வாங்கறதுக்காக ஒடஞ்ச வண்டிய எந்தலையில கட்டலாம்னு பாத்தியா?"

அவள் கோபப்படவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். "ஒரே ஒரு வேலை செய்யுங்க சார். அந்தப் பையப் பின் சீட்டுல வெய்யுங்க. அப்பறம் என்ன வேணும்னாலும் திட்டுங்க."

மழைக்காகக் கூரையை மூடியிருந்தார்கள். மேலிருந்து எட்ட முடியாது. இரண்டு கதவு வண்டியில் பின்னால் எதையாவது வைக்க வேண்டுமென்றால் முன் சீட்டைச் சாய்த்தால்தான் வழி. டிரைவர் கதவைத் திறந்தேன். சீட் கடைசிவரை பின்னால் இருந்தது. சாய்மானத்தின் தோளில் ஒரு சின்னப் பிடி. அதை இழுத்து முன்னால் சாய்த்தேன்.

உள்ளே ஒரு மோட்டார் முனகியது. சீட் தானாக முன்னால் போக ஆரம்பித்தது.

நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. பின்னால் இருப்பவர் ஏறி இறங்க வசதியாக அதுவே நகர்ந்து வழி விடுகிறது. நான் இதுநாள் வரை பார்த்ததெல்லாம் கையால் நெம்பித் தள்ளும் சீட். கரண்ட் சீட் என்றால் பட்டனால் மட்டும்தான் நகரும் என்று நானே முடிவுகட்டியிருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை. அந்த வண்டியோடு வரும் புத்தகத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

சார்லஸ் பேட்டரி வயரைக் கழற்றினான். நித்யகலா சாய்மானத்தைக் கையால் நிமிர்த்தினாள். கரண்ட் இல்லை, அதனால் சீட் திரும்பிப் போகவில்லை. போன இடத்திலேயே நின்றது.

"அளந்து பாருங்க சார். டேப்பு உங்க பையிலயே இருக்குதில்லீங்களா?"

அளந்தேன். பதினேழு. உட்கார்ந்தும் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இடித்த அதே இடத்தில் முழங்கால் இடித்தது.

"அன்னைக்கி எனக்கு நெனவில்லைங்க. சீட்டு எப்படி முன்னாடி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. ஒருவேளை நாந்தான் ஓட்டுனனோன்னுகூட சில நாள் நெனச்சுப் பைத்தியமாட்ட இருந்தனுங்க. அண்ணன் காசு அனுப்பி, சார்லஸண்ணன் கொஞ்சங்கொஞ்சமா இதச் சரி பண்ணாரு. மஞ்சக் கலரப் பாக்க முடியலைன்னு மாத்தச் சொன்னேன். ரெண்டு வருசம் முன்னால லைசென்ஸ் எடுத்து இதுலயேதான் ஓட்டிப் பழகுனேன். ஒரு நா காய்கறிப் பையப் பின்னாடி வெக்கலாம்னு சீட்டச் சாச்சேன். தானா நகந்துச்சு. இந்த ஷெட்டுலயே உக்காந்து அழுதனுங்க."

"அப்பவே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"வந்தனுங்க. உங்க வீட்டு கேட்டுக்கிட்டயே, 'கேஸ் முடிஞ்சு போச்சு, ஆபீஸ்ல போய்க் கேளு'ன்னு அனுப்பிச்சுட்டீங்க."

எனக்கு நினைவில்லை. அப்படி எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன்.

அவளுக்குப் பணம் வேண்டாம். அதை மூன்று முறை சொன்னாள். மகள் ஆதிரை, அன்றைக்கு அஞ்சு வயது, இப்போது பதினொன்று. உடுமலைப்பேட்டையில் ஹரிபிரசாத்தின் அப்பா அங்கமுத்துவிடம் வளர்கிறாள். மாதம் இரண்டு சனி, ஞாயிறு அம்மாவிடம் வருவாள். மூன்று மாதமாக வர மறுக்கிறாள். "உங்க ரிப்போர்ட்ட மாமனாரு பீரோவுல வெச்சிருக்காருங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாரு. பாப்பா இப்ப இங்கிலீஸ் நல்லாப் படிக்கறா. அவளே எடுத்துப் படிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுனா. 'நீ ஓட்டித்தானே அப்பா செத்தாரு, ஏன் பொய் சொன்னே'ன்னு கேட்டா. நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டா. எழுதுன நீங்க சொல்லோணும்."

ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

காலையிலிருந்து ஓட்டை தேடுகிறேன். அவள் சொன்னதில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்க என்னைவிட்டால் ஆளில்லை.

மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: இடது கதவு நசுங்கித் திறக்க முடியாத நிலை. அப்படியானால் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவரையும் வலது கதவு வழியாகத்தானே எடுக்க முடியும்? அவளை டிரைவர் கதவு வழியாக எடுத்தார்கள் என்பது எதற்கு ஆதாரம்? ஒன்றுக்கும் இல்லை. ஐந்தாம் பக்கத்தில்: பின் சீட்டில் இருந்த குழந்தைக்குக் காயமில்லை. அந்தக் குழந்தையை யார், எந்த வழியாக, எப்படி எடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. பேட்டரி வயர் தொங்கும் போட்டோ பதினாலாவது. கிரேன் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது என்றும் நானே எழுதியிருக்கிறேன். அந்த முக்கால் மணி நேரம் வண்டியில் கரண்ட் இருந்திருக்கிறது.

ஓட்டை என் ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

பல்லடம் ரோட்டுக்கு பஸ்ஸில் போனேன். டீக்கடை அங்கேயே இருக்கிறது. அவரும் இருக்கிறார். என்னை அவருக்கு நினைவிருந்தது.

"கொழந்தைய யாருங்க எடுத்தது?"

"நாந்தானுங்க. மொதல்ல ஸ்டீயரிங்குக்கிட்ட இருந்த அந்தத் தம்பியத் தூக்குனோம், அப்பறம் அந்தப் புள்ளைய. கொழந்த பின்னாடி வீல்வீல்னு கத்திட்டு இருந்துச்சு. சீட்ட முன்னாடி சாச்சுட்டு உள்ள பூந்தேன். சாச்சபடியே விட்டுட்டேன், வயரக் கழட்டுன அப்பறம் கிரேன்காரன்தான் நிமித்துனான். வைப்பரு அப்பவும் ஆடிட்டே இருந்துச்சுங்க."

"அன்னைக்கி ஏன் இதச் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. அந்தப் புள்ளய எந்தக் கதவுல எடுத்தீங்கன்னு மட்டுந்தான் கேட்டீங்க. நான் மேல சொல்ல வந்தேன், போதும்னுட்டீங்க."

டீக்குக் காசு வாங்க மறுத்தார்.

ஜூன் 25, செவ்வாய்

வசந்தாமணி என்னிடம் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் பேசவில்லையாம். ஐந்து நாள் ஆயிற்றாம்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினாலு நிமிசம் பேசுன அன்னைக்கி."

"ஏன் சொல்லல?"

"அந்தப் புள்ள உங்ககிட்ட நேராச் சொல்லிடறேன்னுதான் கேட்டுச்சு. நாந்தான் வேண்டாம்னேன். அவருக்கு வாயில சொன்னா ஏறாது, கையில பாத்தாத்தான் நம்புவாரு, பைய வெக்கற வரைக்கும் விடாதேன்னு சொன்னேன்." அப்புறம், "முப்பத்தஞ்சு வருசமா நான் சொன்ன எதை நம்பியிருக்கீங்க?" என்றாள்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் சும்மா கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய்ப் பால் சொம்பின் கோட்டைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். முழுசாகப் போகவில்லை.

ஜூன் 27, வியாழன்

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் காகிதத்தில் 'தகவல் போதாமையால் ஏற்பட்ட முடிவு' என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் 'மறு ஆய்வில் தெரியவருவது'. மூன்றாவது இரண்டு பக்கத்துக்குப் போயிற்று. அதில் என் அனுபவத்தைப் பற்றியே முக்கால் பக்கம்.

நாலாவது ஒரே பத்தி. தமிழில், பதினொரு வயதுப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி. வண்டியை ஓட்டியது ஹரிபிரசாத். நித்யகலா ஓட்டவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் எழுதியது தவறு. தெய்வசிகாமணி, மோட்டார் சர்வேயர். ஒரு நகல் பழைய கம்பெனிக்கும் தபாலில் போட்டேன். அங்கே என்ன செய்வார்களோ தெரியாது. வகுப்புக்குக் கூப்பிட்டவர்களுக்கும் ஒரு நகல் போட்டேன். அந்தக் கேள்வி கேட்ட பெண்ணிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நித்யகலாவுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 30, ஞாயிறு

அவள்தான் ஓட்டினாள். நான் இடது பக்கம். பொள்ளாச்சி தாண்டியதும் மழை விட்டது, கூரையைத் திறந்தாள். இந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் நான் ஆறு வருஷமாக ஆசைப்பட்டேன். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, தலைக்கு மேலே வானம். நான் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு போனேன்.

"வண்டிய எனக்குக் குடுக்கற எண்ணம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. இது விக்கறதுக்கில்ல. மன்னிச்சுக்குங்க."

முதல் நாளே சந்தேகப்பட்டேன். அது மட்டும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அங்கமுத்து வாசலிலேயே நின்றார். எழுபதைத் தாண்டியவர், நேரான முதுகு. அவளைப் பார்த்து, "வண்டியோட வந்துட்டயா" என்றார். என்னை யாரென்று சொன்னதும் ஆளே மாறி, "வாங்க வாங்க, நீங்கதானுங்களா அது!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய் ரிப்போர்ட்டை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து பளபளவென்று இருந்தது.

"அது தப்புங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போல நின்றார். திரும்பவும் சொன்னேன். "நான் எழுதுனது தப்புங்க. உங்க மருமக ஓட்டல."

அவர் என் கையை விட்டார். "எவ்வளவு குடுத்தா?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். மனசுக்குள் கேட்டதையும் சேர்த்தால் கணக்கே இல்லை.

கதவோரத்தில் ஆதிரை நின்றிருந்தாள். நெடுநெடுவென்று, அப்பனின் உயரம். அம்மாவைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். "நீங்க அப்ப ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எத நம்பறது?"

"எதையும் நம்பாத கண்ணு" என்றேன். "வா, நீயே பாரு."

வண்டியின் கூரையை மூடச் சொன்னேன். ஆதிரையை டிரைவர் கதவுக்குக் கூட்டிப்போய், அந்தப் பிடியைக் காட்டி இழுக்கச் சொன்னேன். இழுத்துச் சாய்த்தாள். மோட்டார் முனகியது, சீட் முன்னால் போயிற்று. அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்த்தினாள். பின்னால் போயிற்று. மறுபடி சாய்த்தாள். மூன்று தடவை. நான் ஏதாவது பட்டனை அமுக்குகிறேனா என்று குனிந்துகூடப் பார்த்தாள். இந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

டீக்கடைக்காரர் உள்ளே புகுந்ததையும், வயர் கழற்றியதையும் சொன்னேன். அவள் சீட்டின் தோளைப் பிடித்தபடியே கேட்டாள். "அப்ப என்னையத் தூக்கறதுக்குத்தான் இது முன்னாடி போச்சா?"

"ஆமா கண்ணு."

"அம்மா ஓட்டலையா?"

"இல்ல. உங்கப்பாதான் ஓட்டுனாரு. மழையில வழுக்கிருச்சு. யாரு மேலயும் தப்பில்ல. உங்கம்மா சொன்னதெல்லாம் நெசம். நாந்தான் சரியாக் கேக்காம எழுதிட்டேன்."

அவள், சாய்த்த சீட்டுக்குப் பின்னால் குனிந்து நுழைந்து, பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த இடம் அவளுக்கு இப்போது பத்தவில்லை, முழங்கால் நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கே கிடந்த ரப்பர் வளையலை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் உடைந்து அழுதாள். நித்யகலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே போகலாமா என்று தெரியாமல். "ம்மா, ஏறு. போலாம்" என்றாள் ஆதிரை உள்ளிருந்து.

அங்கமுத்து திண்டாடி நின்றார். அவர் கையில் அந்த உறை இருந்தது. "குடுங்க" என்று கேட்டேன். கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். பதிலுக்கு என் ஒரு பத்திக் கடிதத்தைக் கொடுத்தேன். அதைத் தூரத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்.

நித்யகலா என்னையும் ஏறச் சொன்னாள். நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை பின்னால் இருந்த தலை மட்டும் தெரிந்தது.

உடுமலை ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ் நிரம்பி வழிந்தது. பொள்ளாச்சி வரை நின்றுகொண்டே வந்தேன். கம்பியை ஒரு கையால் பிடித்து, பையை இன்னொரு கையால் அணைத்துக்கொண்டு தடுமாறினேன். சீட்டில் இருந்த ஒரு பெண், யாரோ, பெயர்கூடத் தெரியாது, நிமிர்ந்து பார்த்தாள். "பையக் குடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்றாள்.

கொடுத்தேன்.